ஏழு நாள் பொறுத்த பூதம்

எங்கள் ஊர் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு வெளியூர் நண்பர்களை அழைத்துப் போனால் தவறாமல் ஒரு கேள்வி வரும். "ஏன்டா, இங்க மட்டும் நந்தி திரும்பி உட்கார்ந்திருக்கு?"

பொதுவாகச் சிவன் கோயில்களில் நந்தி சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது. அதற்கு ஊரில் சொல்லும் தலபுராணக் கதை இது. தொண்டைமான் என்ற அரசன் புழல் கோட்டையில் இருந்த ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களோடு சண்டை போட்டுத் தோற்றுத் திரும்புகிறான். வழியில் அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான். கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டு ரத்தம் வருகிறது. பதறிப்போய்த் தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளப் போனவனைச் சிவன் தடுத்து, "நந்தியைத் துணைக்கு அனுப்புகிறேன், போய் ஜெயித்து வா" என்கிறார். சண்டைக்குக் கிளம்பிய கோலத்திலேயே நந்தி வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதாம். ஜெயித்ததற்கு அடையாளமாகக் கோட்டையிலிருந்து கொண்டுவந்தது என்று 2 எருக்கந்தூண்களும் சன்னதி முன்னால் இருக்கின்றன.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கொஞ்ச நாளாக இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. கடவுள் ஒரு மிருகத்தை அனுப்பி ஒரு கூட்டத்தை அழிக்கிறார் என்றால், அந்தக் கூட்டம் செய்த தப்பு என்ன? கதையில் அதற்குப் பதில் கிடையாது. தோற்றுப்போனவர்கள், அவ்வளவுதான். குறும்பர் எழுதிய தலபுராணம் ஒன்று இருந்திருந்தால் அதில் ஓணனும் வாணனும் என்னவாக இருந்திருப்பார்களோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெய்வம் தண்டனை கொடுக்க ஒரு பயங்கரப் பிராணியை அனுப்புவது உலகம் பூராவும் இருக்கிற கதை. இதில் கிரேக்கர்கள்தான் கில்லாடிகள். ஆனால் அவர்களிடமும் இல்லாத ஒரு வித்தியாசமான ஆள் நம்மிடம் உண்டு. பெயர் சதுக்கப் பூதம். பணியிடம் காவிரிப்பூம்பட்டினம். இந்தப் பூதத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கிரேக்கம்

டிராய் நகரத்து ராஜா லவோமெதோன். ஊருக்கு மதில் கட்டவும் மாடு மேய்க்கவும் போசைடன், அப்போலோ என்று 2 கடவுள்கள் இவனிடம் கூலிக்கு வேலை பார்த்தார்கள். (கடவுள்களே கூலி வேலையா என்று கேட்காதீர்கள். அவர்கள் தலைவர் ஜீயஸ் போட்ட உத்தரவு அப்படி.) வேலை முடிந்ததும் கூலி தர மாட்டேன் என்றுவிட்டான் லவோமெதோன். காதை அறுத்துவிடுவேன் என்று மிரட்டவும் செய்தான். ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எங்களுக்கு இது சுத்தமான ஒப்பந்த மீறல் கேஸ்.

போசைடன் கோர்ட்டுக்கா போவார், அவர் கடல் ராஜா! கீட்டோஸ் என்ற கடல் ராட்சதப் பிராணியை அனுப்பினார். அது கரைக்கு வந்து யாரைத் தின்றது? டிராய் கடற்கரையில் இருந்த சாதாரண ஜனங்களை. கடைசியில் ராஜாவின் மகள் ஹெசியோனியைப் பாறையில் கட்டிவைத்து அதற்குப் பலியாகக் கொடுக்க வேண்டிய நிலை. ஹெராக்ளிஸ் வந்து பிராணியைக் கொன்று அவளைக் காப்பாற்றினான். அவனுக்குத் தருவதாகச் சொன்ன குதிரைகளையும் லவோமெதோன் தரவில்லை என்பது தனிக் கதை. சில பேர் திருந்தவே மாட்டார்கள்!

இன்னொரு கீட்டோஸ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. எத்தியோப்பிய ராணி காசியோப்பியா, கடல் கன்னிகளைவிட அழகில் உசத்தி என்று பெருமை பேசினாள். போசைடன் பிராணியை அனுப்பினார். கட்டிவைக்கப்பட்டது ராணி அல்ல, அவள் மகள் ஆண்ட்ரோமிடா. பேசியது அம்மா, பாறையில் நின்றது மகள்.

இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். தப்புச் செய்தவர் யார் என்பது அந்தப் பிராணிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது ஒரு ஆயுதம். கடவுளுக்குக் கோபம் வந்தது, ஆயுதத்தை வீசினார், எதிரே நின்றவர்கள் செத்தார்கள். ஒருத்தருக்குப் பதிலாக இன்னொருத்தரைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

புகார் நகரத்து 5 மன்றங்கள்

சிலப்பதிகாரத்தின் காலம் கி.பி. 2-ம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 5 அல்லது 6 என்பாரும் உண்டு. உ.வே.சா. 1892-ல் அதை முழுதாகப் பதிப்பித்தார். அதில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரத்தில் இருந்த 5 மன்றங்களைப் பற்றி இளங்கோ சொல்கிறார்.

முதலாவது வெள்ளிடை மன்றம். வெளியூர் வியாபாரிகளின் மூட்டைகள் பெயரும் எண்ணும் எழுதப்பட்டுத் திறந்தவெளியில் கிடக்கும். பூட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. யாராவது திருடினால் அந்த மூட்டை அவன் தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறக்கிவைக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். இரண்டாவது இலஞ்சி மன்றம். அதன் குளத்தில் குளித்தால் கூன், செவிடு, ஊமை, தொழுநோய் எல்லாம் தீரும். மூன்றாவது நெடுங்கல் நின்ற மன்றம். பித்துப் பிடித்தவர்களும் விஷம் தீண்டியவர்களும் சுற்றி வந்து கும்பிட்டால் குணமாகும். ஐந்தாவது பாவை மன்றம். அங்கே ஒரு சிலை. அரசன் நீதி தவறினாலோ, தீர்ப்புச் சொல்கிற சபை ஒருபக்கம் சாய்ந்தாலோ அந்தச் சிலை வாய் திறந்து பேசாது, கண்ணீர் விடும்.

நடுவில் விட்டுப்போன நாலாவதுதான் பூத சதுக்கம். சதுக்கம் என்றால் நாற்சந்தி. 4 தெரு கூடுகிற இடத்தில் ஒரு பூதம். கையில் பாசக்கயிறு. 4 காத தூரம் கேட்கிற மாதிரி அது சத்தமாக அறிவிக்கும்: இன்னின்னார் என் கயிற்றில் மாட்டுவார்கள், அடித்துத் தின்றுவிடுவேன் என்று. அதன் பட்டியலில் 6 வகை ஆட்கள்.

1. தவ வேஷம் போட்டுக்கொண்டு மறைவில் தப்புச் செய்பவர்கள்
2. மறைவாகத் தீய ஒழுக்கத்தில் போகும் பெண்கள்
3. அரசனுக்கு உள்ளிருந்தே துரோகம் செய்யும் அமைச்சர்கள்
4. அடுத்தவன் மனைவிக்கு ஆசைப்படுபவர்கள்
5. பொய்ச்சாட்சி சொல்பவர்கள்
6. புறம் பேசுபவர்கள்

இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது எனக்கு வந்த சந்தேகம், கொலைகாரன் எங்கே? கொள்ளைக்காரன் எங்கே? யாரும் இல்லை. திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. ஆறிலும் பொதுவாக இருப்பது மறைத்தல், அல்லது பொய். கொலை நடந்தால் பிணம் கிடக்கும். களவு போனால் பொருள் குறையும். அதற்கெல்லாம் அரசனின் காவலர்கள் போதும். மனசுக்குள் இருக்கிற ஆசையையும், முதுகுக்குப் பின்னால் சொன்ன சொல்லையும், சாட்சிக் கூண்டில் கூசாமல் சொன்ன பொய்யையும் எந்தக் காவலர் கண்டுபிடிப்பார்? மனிதர்கள் கண்டுபிடிக்க முடியாத குற்றங்களுக்கு மட்டும் ஒரு பூதம். வேலைப் பங்கீடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. புகார் ஒரு துறைமுகம். யவனர் உட்பட பல நாட்டு ஆட்கள் குடியிருந்த ஊர். பாஷை தெரியாத ஊரில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தன் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் அங்கே 2 விஷயத்தில் நம்பிக்கை வேண்டும். ஒன்று, பொருள் களவு போகாது. இரண்டு, தகராறு வந்தால் பொய்ச்சாட்சி எடுபடாது. முதலாவதற்கு வெள்ளிடை மன்றம், இரண்டாவதற்குப் பூத சதுக்கம். வியாபாரம் நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் கதையாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பூதம் வெறும் காவியக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. சதுக்கப் பூதங்களை வஞ்சி நகருக்குக் கொண்டுவந்து நிறுவிய ஒரு சேர அரசனைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் நடுகற் காதையும் சொல்கிறது, பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துப் பதிகமும் சொல்கிறது. பதிற்றுப்பத்து அவனை இளஞ்சேரல் இரும்பொறை என்கிறது. சோழ நாட்டில் மட்டுமல்ல, சேர நாட்டிலும் நாற்சந்திப் பூத வழிபாடு இருந்திருக்கிறது.

கயிற்றுக்குள் தானே போன கோவலன்

இந்தப் பூதத்தை ஒருத்தர் நேருக்கு நேர் சந்தித்த சம்பவம் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. அந்த ஒருத்தர் கோவலன். மாதவி பின்னால் போய்ச் சொத்தைத் தொலைத்தவன் என்று மட்டும்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணர் வேறொரு கோவலனைக் காட்டுகிறார்.

புகாரில் ஒருவன், ஒரு நல்ல பெண்ணைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டான். பூதம் விடுமா? கயிற்றைப் போட்டுப் பிடித்துவிட்டது. அவன் தாய் கதறுகிறாள். அதைப் பார்த்த கோவலன் ஓடிப்போய் அந்தக் கயிற்றுக்குள் தானே நுழைந்து, "இவனை விட்டுவிடு, என் உயிரை எடுத்துக்கொள்" என்கிறான்.

கிரேக்கக் கதையாக இருந்தால் இங்கே வேலை முடிந்திருக்கும். பூதம் மறுத்துவிட்டது. ஒரு கயவனின் உயிருக்காக நல்லவன் ஒருவனின் உயிரை எடுத்தால் எனக்கு நல்ல கதி கிடையாது, அந்த எண்ணத்தை விடு என்று சொல்லிவிட்டு, பொய்ச்சாட்சிக்காரனை அவர்கள் கண் முன்னாலேயே அடித்துத் தின்றது.

தப்புச் செய்தவன் யாரோ அவன்தான். பதிலி கிடையாது. ஹெசியோனியையும் ஆண்ட்ரோமிடாவையும் இந்தப் பூதத்தின் முன்னால் கட்டிவைத்திருந்தால், கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு லவோமெதோனையும் காசியோப்பியாவையும் தேடிப் போயிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை நிறுத்திய இடம். பூதத்தின் வேலை முடிந்துவிட்டது. நீதி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தத் தாய் அங்கேயே நிற்கிறாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கோவலன் அவளோடு அவள் வீட்டுக்குப் போகிறான். அவர்களின் சுற்றத்துக்கும் தன் சுற்றத்துக்கும் பசிப்பிணி தீர்த்துப் பல வருஷம் காப்பாற்றுகிறான். அதற்காக மாடலன் அவனை இல்லோர் செம்மல் என்கிறார். பூதத்துக்குத் தின்னத் தெரியும். தின்ற பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத் தெரியாது. அதற்கு ஒரு மனிதன் வேண்டியிருந்தது.

ஏழு நாள் கெடு

மணிமேகலையிலும் இந்தப் பூதம் வருகிறது, சிறைசெய் காதையில். இது கொஞ்சம் சங்கடமான கதை.

மருதி என்ற அந்தணப் பெண் காவிரியில் குளித்துவிட்டுத் தனியாக வருகிறாள். அப்போது புகாரை ஆண்டுகொண்டிருந்தவன் ககந்தன். அவனுடைய இளைய மகன் அவளை வழிமறித்து அழைக்கிறான். பத்தினிகள் அடுத்தவன் மனசில் புகமாட்டார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. மருதி வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பூத சதுக்கத்துக்குப் போய் அழுகிறாள். "நான் என்ன தப்புச் செய்தேன்? அடுத்தவன் மனைவியை விரும்புபவனைப் பிடிப்பேன் என்று சொன்னாயே, பொய்யா?" என்று பூதத்தையே கேள்வி கேட்கிறாள்.

பூதம் தோன்றிச் சொன்ன பதிலில் 2 பாகம் உண்டு. முதல் பாகம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ கதைகளும் விடுகதைகளும் கேட்டாய், விழாக்களுக்குப் போனாய், கணவனைத் தவிர வேறு தெய்வங்களையும் கும்பிட்டாய், அதனால் நீ சொன்னால் மழை பெய்யாது, அவன் மனசும் சுடப்படவில்லை என்கிறது. புகார் கொடுக்க வந்த பெண்ணிடம் "நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்?" என்று கேட்கிற பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல போலிருக்கிறது. பட்டியலின் இரண்டாவது வரியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பூதத்தின் சட்டப் புத்தகத்தை எழுதியவர்கள் யார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் இரண்டாவது பாகம் இருக்கிறதே! மருதியைக் கட்ட என் கயிறு வராது என்று சொல்லிவிட்டு, அவனை ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறது. அரசனுக்கு 7 நாள் தவணை உண்டு. அதற்குள் அரசன் தண்டிக்க வேண்டும். அவன் தவறினால் அதற்குப் பிறகுதான் என் முறை.

இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பூதம். குற்றவாளி யார் என்பதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், தப்பாகப் பிடித்துவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். கயிற்றை வீசினால் ஒரு நிமிஷத்து வேலை. அப்படிப்பட்ட பூதம் 7 நாள் காத்திருக்கிறது! ஏனென்றால் முதல் உரிமை மனிதர்களின் நீதிக்கு. அது செத்துப்போனால்தான் பூதம் வரவேண்டும்.

அந்த 7 நாளுக்குள் விஷயம் ககந்தன் காதுக்குப் போய், மகன் என்றும் பார்க்காமல் அவனே வாளால் தண்டித்துவிட்டான். பூதத்துக்கு வேலை வரவில்லை.

கிரேக்கத்திலும் இதற்குப் பக்கத்தில் வருகிற கதை ஒன்று உண்டு. எரினிகள் என்ற பழிவாங்கும் தேவதைகள், தாயைக் கொன்ற ஒரெஸ்தெஸை ஊர் ஊராகத் துரத்துவார்கள். கி.மு. 458-ல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில் அதீனா தேவி அதற்காக ஒரு நீதிமன்றத்தையே ஏற்படுத்துகிறாள். ஓட்டு சரிசமமாகி ஒரெஸ்தெஸ் விடுதலை. கோபப்பட்ட எரினிகளுக்கு அதீனா சமாதானம் சொல்லி, அதே ஊரில் மரியாதையான இருப்பிடம் கொடுக்கிறாள். அங்கே பயங்கரத் தேவதைகளை அடக்கிவைத்துவிட்டுத்தான் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. புகாரில் பூதமே ஒதுங்கி நின்று அரசனுக்கு வழிவிட்டது.

பூதம் இல்லாத மதுரை

இப்போது மாடலன் கதை சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போவோம். அவர் இதையெல்லாம் சொல்வது மதுரைக்கு வெளியே, மரநிழலில், கோவலன் சாவதற்கு முன்னால். இளங்கோ இதைச் சும்மா அங்கே வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். பொற்கொல்லன் பொய் சொல்கிறான். பாண்டியன் அப்போது அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில் இருக்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்கிறான். சிலம்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். கண்ணகி வந்த பிறகு செய்த அந்தச் சோதனையை முதலிலேயே செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சில நிமிஷம். பூதம் 7 நாள் பொறுத்தது. அரசன் அந்தச் சில நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

பொய்ச்சாட்சிக்காரனுக்காகத் தன் உயிரைக் கொடுக்கப் போனவன், ஒரு பொய்ச்சாட்சியால் செத்தான். புகாராக இருந்திருந்தால் அந்தப் பொற்கொல்லன் பூதத்தின் கயிற்றில் தொங்கியிருப்பான்.

கதை அதோடு முடியவில்லை. மதுரை எரிந்த பிறகு மதுராபதி தெய்வம் கண்ணகியிடம் வந்து கோவலனின் முற்பிறவியைச் சொல்கிறது. சிங்கபுரத்து அரசனிடம் பரதன் என்ற பெயரில் வேலை பார்த்தவன் கோவலன். கபிலபுரத்திலிருந்து நகை விற்க வந்த சங்கமன் என்ற வியாபாரியை, இவன் ஒற்றன் என்று அரசனிடம் பிடித்துக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவி நீலி 14 நாள் புலம்பித் திரிந்து, சாபம் கொடுத்துவிட்டு மலையிலிருந்து விழுந்து செத்தாள்.

அதாவது முற்பிறவியில் கோவலனே பூதத்தின் பட்டியலில் இருந்த ஆள்! முற்பிறவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கதையாகப் பார்த்தால் இளங்கோ சொல்வது பயங்கரமாக இருக்கிறது. ஊரே கொண்டாடுகிற நல்லவனுக்குள்ளும் ஒரு பொய்ச்சாட்சிக்காரன் இருந்திருக்கிறான். யாரும் அந்த 6 பேர் பட்டியலுக்கு வெளியே நிரந்தரமாக நிற்கவில்லை.

நாம் எல்லோரும் பூதம் ஆன கதை

2019 டிசம்பர் 6-ம் தேதி ஹைதராபாத் அருகே ஒரு பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட 4 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் போலீஸ் மேல் பூத் தூவினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், நானும் கைதட்டினேன். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் எண்ணத்தோடேதான் சுட்டார்கள், செத்தவர்களில் 3 பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றது அந்தக் குழு. அந்த 4 பேரும் குற்றவாளிகளா இல்லையா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொல்ல முடியாது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கும் கோர்ட் தீர்ப்பு என்று ஒன்று கிடைக்காமலே போய்விட்டது.

நமக்குப் பூதத்தின் கயிறு மட்டும் பிடித்திருக்கிறது. அதற்கு இருந்த அறிவு நமக்கு இல்லை, அதன் 7 நாள் பொறுமையும் வேண்டாம் என்கிறோம்.

இப்போது அந்தச் சொந்தக் காரணம். என் வகுப்பு நண்பர்களுக்கு இது தெரிந்த கதைதான். போன வருஷம் தொழிற்சாலை பார்க்கப் போக ஆளுக்கு 1,800 ரூபாய் வசூலித்தோம். கணக்குப் பார்த்தபோது 3,600 ரூபாய் குறைந்தது. பணம் வாங்கிவைத்திருந்தவன் ஒருத்தன். அவன் அந்த மாதம்தான் புது போன் வாங்கியிருந்தான். போதாதா? வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு நக்கல் போட்டார்கள். அதற்கு ஒரு மீம். அந்த மீம் போட்டவன் நான். 40 சிரிப்பு வந்தது. அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, விஷயம் தெரிந்தது. 2 பேர் பஸ்காரருக்கு நேராகவே பணம் அனுப்பியிருந்தார்கள். பஸ் வாடகையில் அது ஏற்கெனவே கழிந்திருந்தது. அவ்வளவுதான் கணக்கு.

பதினொன்றாம் வகுப்பிலேயே வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள் எல்லோரும். ரொக்க ஏட்டு இருப்பும் வங்கி ஏட்டு இருப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் எழுதுவது "திருட்டு" என்று அல்ல, "வேறுபாட்டுக்கான காரணங்கள்" என்று. பரீட்சையில் அந்தக் கணக்கில் நான் முழு மார்க் வாங்கியவன். எதிரே ஒரு மனுஷன் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

குரூப்பில் எல்லோரும் "ஸாரி மச்சி" போட்டோம், நானும் போட்டேன். ஆனால் மீம் போட்டது நான்தான் என்று அவனிடம் நேரில் போய்ச் சொல்லவில்லை. அவன் இப்போது வருகிறான், பேசுகிறான், ஆனால் எந்த வசூலுக்கும் பணம் வாங்க மாட்டேன் என்கிறான். கேட்டால் "வேணாம்டா" என்று சிரிக்கிறான்.

பட்டியலில் 6-வது ஆள் யார் ஞாபகம் இருக்கிறதா? புறம் பேசுபவர்கள். புகாராக இருந்திருந்தால் பூதம் வந்திருக்க வேண்டியது அவனைத் தேடி அல்ல, என்னைத் தேடி. புகாரைக் கடல் கொண்டுபோனதாக மணிமேகலை சொல்கிறது. நாற்சந்தியில் இப்போது சத்தம் போட யாரும் இல்லை. நல்லவேளையா, கெட்டவேளையா தெரியவில்லை.

அவன் இந்தக் கட்டுரையைப் படிப்பான் என்று தெரியும். மச்சி, அது நான்தான். நாளைக்கு கேண்டீனில் நேரிலும் சொல்கிறேன். அடிக்கிறதாக இருந்தால் அடி, 7 நாள் எல்லாம் காத்திருக்க வேண்டாம் :-)

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமுல்லைவாயில் பக்கம் வந்தால் சொல்லுங்கள், திரும்பி உட்கார்ந்திருக்கிற நந்தியைக் காட்டுகிறேன். கிளம்பிவிட்டது, ஆனால் இன்னும் எழுந்து ஓடவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.